பாபின் டப்பாவில் மூன்று பற்கள்

ஜூன் 14, வெள்ளி

இந்த நோட்டை ஒளித்து வைக்க ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டேன். துண்டுத்துணி மூட்டை. அம்மா ஏற்றுமதிக் கம்பெனிக்கு வீட்டிலேயே தலையணை உறை தைத்துக் கொடுக்கிறாள். வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளெல்லாம் அந்த மூட்டைக்குள் போகும். கரூரில் இப்படி ஒரு மூட்டை இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. மாதக் கடைசியில் ஆள் வந்து எடை போட்டு எடுத்துப் போவார். அதற்கு முதல் நாள் மறக்காமல் நோட்டை வெளியே எடுத்துவிட வேண்டும்.

எல்லோரும் தூங்கிய பிறகு தையல் மிஷினில் இருக்கும் சின்ன விளக்கைப் போட்டு எழுதுகிறேன். அப்பா முன்னறையில் படுத்திருக்கிறார். அவர் இருமினால் விளக்கை அணைத்துவிடுவேன்.

நேற்று சாயங்காலம் அம்மா துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். மேல் வரிசையில் முன்பல் இரண்டு போய்விட்டன. அதற்கு அடுத்த பல் பாதி உடைந்திருக்கிறது. நான் அப்போது மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் பார்க்கவில்லை.

துணி சரியாகக் காய்ந்திருக்கவில்லை. இருந்தாலும் எடுத்தேன்.

ஜூன் 15, சனி

பள்ளிக்கூடம் லீவு என்பதால் அம்மாவோடு பல் ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். டாக்டர் பெயர் ஷாகிதா. மெதுவாகப் பேசுகிறார்.

"எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார்.

"சோப்புத் தண்ணிங்க. காலு வழுக்கிருச்சு."

"விழும்போது கையை ஊணலையா?"

"ஊணினனுங்க."

"முழங்கையைக் காட்டுங்க."

அம்மா காட்டினாள். இரண்டு கையிலும் ஒரு சிராய்ப்பு இல்லை. டாக்டர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தேன். பெரியவர்களுக்கு மொத்தம் முப்பத்திரண்டு பல். அதில் வெட்டும் பல் எட்டு.

உடைந்த பல்லையும் எடுத்துவிட்டார். ஈறு ஆறுவதற்கு ஐந்தாறு வாரம் ஆகுமாம். அதற்கப்புறம் பல் கட்டலாம் என்றார்.

ஜூன் 16, ஞாயிறு

அப்பா தட்டுவடை செட் வாங்கி வந்தார், மொறுமொறு தட்டுவடை இரண்டுக்கு நடுவில் சட்னி வைத்தது. எனக்கு இரண்டு, அம்மாவுக்கு மூன்று. அப்பா எப்போதும் அம்மாவுக்கு ஒன்று அதிகமாகத்தான் வாங்குவார்.

அம்மா தட்டுவடையைச் சட்னியிலேயே ஊறப் போட்டு, வெகு நேரம் கழித்துச் சாப்பிட்டாள். "நல்லாருக்குதா?" என்று அப்பா கேட்டார். அம்மா தலையாட்டினாள்.

என் அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் மாட்டுகிறார். பெயர் குழந்தைவேல். குடிக்க மாட்டார். பீடி சிகரெட் கிடையாது. எங்கள் தெருவில் சண்டை வந்தால், "குழந்தைவேலைப் பாத்துக் கத்துக்கோ" என்று மற்ற வீட்டில் சொல்வது எங்களுக்கே கேட்கும். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஒரு தடவைகூட என்னை விழ விட்டதில்லை.

ஜூன் 24, திங்கள்

அம்மா சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். அதிகம் சிரிப்பதில்லை. அதனால் கை வலிக்காது.

ஜூலை 20, சனி

இன்று டாக்டர் எல்லா வகைப் பல்லையும் மேசை மேல் எடுத்து வைத்துக் காட்டினார். அதே மூன்று பல்லுக்கு ஏன் இத்தனை விதமான விலை என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். டாக்டர், "கேக்கட்டும்மா. பெரியவங்ககூட கேக்க மாட்டேங்கறாங்க" என்று சொல்லி விளக்கினார். மறந்துவிடாமல் எழுதி வைக்கிறேன்.

முதல் வகை பிளாஸ்டிக். ஈறு நிறத்தில் ஒரு தட்டு, அதில் பல், ஓரத்தில் கம்பிக் கொக்கி. நாமே கழற்றி மாட்டலாம். பல் ரெடிமேடாக டப்பாவில் வரும். மெழுகில் நிறுத்தி அச்சில் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். அதனால்தான் இரண்டாயிரத்து ஐநூறு.

அதிலேயே வளைகிற வகை ஒன்று உண்டு. கம்பி தெரியாது, கீழே விழுந்தால் உடையாது. விலை இரண்டு மடங்கு. இன்னொன்றில் தட்டு உலோகம். மெல்லிசாக இருக்கும், ஆனால் ஒவ்வொருவர் வாய்க்கும் தனியாக உருக்கி வார்க்க வேண்டும். கூலி அதிகம்.

அப்புறம் கட்டுகிற பல். ஒட்டிவிட்டால் கழற்ற முடியாது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. விழுந்தது மூன்று பல் என்றாலும், இரண்டு பக்கமும் இருக்கும் நல்ல பல்லை அரைத்து உறை போட்டு அதில்தான் தாங்க வைப்பார்கள். அதனால் ஐந்து பல்லுக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பீங்கான் மாவைக் கையால் பூசிப் பூசிச் சூளையில் சுடுவார்களாம். இருபதாயிரம். கடைசி வகை எலும்பிலேயே திருகாணி போடுவது. அது மாதக்கணக்கில் ஆகும். விலையைக் கேட்டதும் அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

டாக்டர் சொன்னார், "உங்க வயசுக்குக் கட்டுற பல்தான் நல்லது. முப்பத்தஞ்சு வயசுல இந்தத் தட்டெல்லாம் எதுக்கு?"

அம்மா பிளாஸ்டிக் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இது எவ்வளவு வெரசாக் கழட்டலாங்க?" என்று கேட்டாள்.

"என்னம்மா?"

"இல்லீங்க, டக்குனு கழட்டோணும்னா வருமுங்களா? ஒரு கையில?"

"வரும். எல்லாரும் எது கெட்டியா நிக்கும்னு கேப்பாங்க. நீங்க எது சீக்கிரம் கழலும்னு கேக்கறீங்க."

"கழுவறதுக்குங்க" என்றாள் அம்மா. "அதையே போட்ருங்க."

வெளியே வந்ததும், "காசில்லையாம்மா?" என்று கேட்டேன். "ஆமாஞ்சாமி, காசில்ல" என்றாள். எனக்கு அழுகை வந்தது. என் அம்மா ஒரு நாளைக்கு எண்பது தலையணை உறை தைக்கிறாள். அவளுக்கு மூன்று நல்ல பல் கிடையாதா?

ஜூலை 27, சனி

பல் செட் வந்துவிட்டது. அம்மா பழைய அம்மா மாதிரியே இருக்கிறாள். "ச" வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் காற்று வருகிறது.

மத்தியானம் கண்ணாடி முன்னால் நின்று கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு நெம்பு. டக். தையல் நூல் சுற்றும் பாபின்களை வைக்கிற டப்பாவில் போட்டு மூடி. மறுபடி எடுத்து மாட்டி, மறுபடி டக். இருபது தடவையாவது இருக்கும். கடைசியில் கண்ணாடியைப் பார்க்காமலேயே, இடது கையாலேயே செய்தாள்.

"எதுக்கும்மா இத்தன தடவ?"

"பழகோணுமல்ல" என்றாள்.

ஆகஸ்ட் 3, சனி

பட்டறையில் ஏதோ பஸ் சீட் அளவு தவறிவிட்டதாம். ஓனர் எல்லோர் முன்னாலும் அப்பாவைப் பேசிவிட்டாராம். அப்பா வந்ததும் வாட்ச்சைக் கழற்றி ஃபிரிஜ் மேல் வைத்தார். அது கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் போட்ட வாட்ச். கண்ணாடியில் இதுவரை ஒரு கீறல் இல்லை.

மிஷின் பக்கம் பாபின் டப்பா மூடும் சத்தம் கேட்டது.

நான் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் துணி எதுவும் இல்லை. கிளிப்புகளை எண்ணினேன். இருபத்தாறு.

கீழே வந்தபோது அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டுப் பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டாள். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

லோகு மாமா வெள்ளக்கோவிலிலிருந்து கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். அம்மாவின் தம்பி. டயர் கடை வைத்திருக்கிறார். செப்டம்பர் எட்டாம் தேதி கல்யாணம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பட்டுக் கட்டி, நகை பூட்டி, கல்யாணப் பெண் மாதிரியே அலங்காரம் செய்துகொண்டு தம்பிக்குப் பக்கத்தில் இருந்து சீர் செய்ய வேண்டும். மாமாவுக்கு அக்கா ஒருத்திதான். அதனால் எல்லா போட்டோவிலும் அம்மா இருப்பாள்.

அம்மா பேசும்போது தட்டு கொஞ்சம் இறங்கியது. மாமா பார்த்துவிட்டார்.

"ஏக்கா, இதென்ன ஸ்டெப்னி டயராட்டம் கழட்டி மாட்டறே?"

"சும்மாரு லோகு."

"மண்டபத்துல ஐநூறு பேரு முன்னால கழண்டு உழுந்துருச்சுன்னா? பொண்ணு ஊட்டுக்காரங்க எனக்கு வயசு அம்பதுன்னு நெனச்சுப் பொண்ணத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

அம்மா வாயை மூடாமல் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். "நல்லதாத்தான் கட்டிக்கோன்னேன் மாப்ள, உங்கக்கா கேக்கல" என்றார்.

அப்பா அப்படிச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். தைத்த உறைகளைக் கொடுக்க அம்மா கம்பெனிக்குப் போயிருந்தபோது அவள் போனிலிருந்து மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, அம்மாவுக்குக் காசில்லாமத்தான் கழட்டற பல்லு போட்டுக்கிச்சு. கட்டற பல்லு இருபதாயிரமாம். டாக்டரே அதுதான் நல்லதுன்னாங்க."

"இத எங்கிட்டச் சொல்றதுக்கு உங்கம்மாவுக்கு என்ன வெக்கம்?" என்றார். "நீ படிக்கற வேலையப் பாரு தாரணி. நாம் பாத்துக்கறேன்."

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாமா ஆஸ்பத்திரிக்கே முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டு, பிறகுதான் அம்மாவிடம் சொன்னார். அம்மா போனில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "எனக்கு இதே பழகிருச்சு லோகு." "ஈறு தாங்காது லோகு." ஒவ்வொரு காரணத்துக்கும் மாமா ஏதோ பதில் சொன்னார். கடைசியில் அம்மாவிடம் காரணம் தீர்ந்துபோனது.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் தலையில் கை வைத்தாள். வெகு நேரம் எடுக்கவில்லை. சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

அப்பா, "பரவால்லியே, உந்தம்பிக்குப் பெரிய மனசு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வாட்ச் கையிலேயே இருந்தது.

ஆகஸ்ட் 24, சனி

பல் கட்டியாகிவிட்டது. நிறம் பார்க்கும் அட்டையைப் பக்கத்தில் வைத்து டாக்டரே தேர்ந்தெடுத்தார். எது சொந்தப் பல், எது கட்டிய பல் என்று யாராலும் சொல்ல முடியாது. "ச" நன்றாக வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணாடி முன்னால் நின்றாள். சிரித்துப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். கட்டைவிரலை உள்ளே விட்டு நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை.

பழைய செட் பாபின் டப்பாவிலேயே கிடக்கிறது. அதன் மேல் அம்மா நூல் சுற்றிய பாபின்களைப் போட்டுவிட்டாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாமா கல்யாணம். அம்மா அரக்குப் பட்டு. இணைச்சீர் செய்யும்போது போட்டோக்காரர், "அக்கா, மாப்பிள்ளய விட நீங்க அழகா இருக்கறீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். அம்மா சிரித்தாள். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள். என்னால்தான் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான ஆள் அந்த மண்டபத்தில் இல்லை.

பந்தியில் ஒரு பெரியம்மா அம்மாவைக் காட்டி, அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னார்: "வளர்மதி பல்லு நம்ம லோகு கட்டிக் குடுத்ததாமா. கட்டுனவனால முடியலையாட்ட இருக்குது."

அப்பா பாயசத்தை மெதுவாகக் குடித்து முடித்தார். இலையை மூடினார். அந்தப் பெரியம்மாவுக்குக் கை கழுவத் தண்ணீர்கூட ஊற்றினார்.

செப்டம்பர் 14, சனி

இன்று எழுத முடியவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

அம்மா மறுபடியும் வழுக்கி விழுந்துவிட்டாள்.

செப்டம்பர் 16, திங்கள்

காலையில் கணக்குப் பரீட்சை. பல கணக்கு தெரிந்ததுதான். பாதி எழுதவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த முறை அப்பாவும் வந்திருந்தார். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கட்டிய பல் முழுசாகப் போய்விட்டது. தாங்கிப் பிடிக்க அரைத்திருந்த இரண்டு நல்ல பல்லில் ஒன்று வேரோடு வந்துவிட்டது. இன்னொன்று ஆடியது. அதையும் எடுத்துவிட்டார்கள். மூன்றாக இருந்தது இப்போது ஐந்து.

"பாத்ரூம்ல டைல்ஸ் போட்டதே தப்புங்க டாக்டர்" என்றார் அப்பா. "பழைய சிமெண்டுத் தரையே நல்லாருந்துச்சு."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். புண் ஆறும் வரைக்கும் ஒரு தற்காலிகச் செட் போடலாம், அப்புறம் எந்த வகை என்று முடிவு செய்யலாம் என்றார்.

"கழட்டறதெல்லாம் வேண்டாங்க" என்றார் அப்பா. "கெட்டியாக் கட்டிருங்க. திருகாணி போடறது ஒண்ணு சொன்னீங்களாமே, அதையே போடுங்க. இந்தத் தடவ நானே தர்றேன். எவங்கிட்டயும் வாங்க வேண்டியதில்ல."

அம்மாவின் வாயில் பஞ்சு இருந்தது. பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று. அப்பா அதைப் பார்க்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள்.

அப்பாவின் கை எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வாட்ச்சில் முள் ஓடுவது தெரிந்தது.

"கழட்டறதே போதுங்க டாக்டர்" என்றேன்.

"ஏம்மா?"

"அதுதான் வெரசா வரும். எங்கம்மா நல்லாப் பழகியிருக்குது."

அப்பா சிரித்தார். "அவங்கம்மாவாட்டமே கஞ்சம்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு சீட்டில் மாத்திரை எழுதி, கீழே மருந்துக் கடையில் வாங்கி வரச் சொல்லி அப்பாவை அனுப்பினார். அவர் படி இறங்கும் சத்தம் நிற்கும் வரை காத்திருந்தார். பிறகு அம்மாவின் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினார்.

"வளர்மதி, எத்தனை தடவை வந்தாலும் நான் செட் பண்ணித் தருவேன். அடுத்தது தாடை எலும்பு. அதுக்கு எந்த விலையிலயும் செட் கிடையாது."

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். டாக்டர் என்னிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. எப்படி விழுந்தாங்க?"

"வழுக்கி விழுந்துட்டாங்க" என்றேன்.

அதைச் சொன்னது நான்தான். அம்மா இல்லை. அப்பா இல்லை.

இனி உள்ளதை எழுதுகிறேன்.

அம்மா விழவில்லை. ஜூன் பதிமூன்றாம் தேதியும் விழவில்லை. சனிக்கிழமை நான் மொட்டை மாடிக்குப் போகவில்லை. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன், எழுந்திருக்க நேரமில்லை. அப்பா வாட்ச்சைக் கழற்றி ஃபிரிஜ் மேல் வைத்தார். "எம் பொண்டாட்டி வாய்க்கு எவன் காசு குடுக்கறது?" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அம்மாவின் இடது கை வாய்க்குப் போனது. கட்டைவிரல் உள்ளே போனது. நெம்பினாள். வரவில்லை. மறுபடி நெம்பினாள். மறுபடி. அப்பா பக்கத்தில் வரும் வரைக்கும் அவள் பல்லை இழுத்துக்கொண்டே இருந்தாள். முகத்தை மறைக்க வேண்டிய கை வாய்க்குள் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருபது தடவை எதற்குப் பழகினாள் என்று. டாக்டரிடம் ஏன் அப்படிக் கேட்டாள் என்று. அது காசுக்காக இல்லை.

அப்பா வாட்ச்சைக் கழற்றுவது கண்ணாடி உடையாமல் இருக்க. அம்மா பல்லைக் கழற்றுவது பல் உடையாமல் இருக்க. உடையக்கூடிய பொருளை இருவரும் எடுத்து வைத்துவிடுவார்கள். நான் மாடிக்குப் போய்விடுவேன்.

இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய்ப் பல் போட்டிருந்தால் இன்றைக்கும் அது பாபின் டப்பாவில் பத்திரமாக இருந்திருக்கும். அம்மாவின் சொந்தப் பல் இரண்டும் இருந்திருக்கும். நான்தான் போன் செய்தேன். அம்மாவின் வாயில் கழற்ற முடியாத பல்லை வைத்தது நான்.

செப்டம்பர் 18, புதன்

பயமாக இருக்கிறது.

மூட்டைக்குள் கை விட்டபோது நோட்டு வைத்த இடத்தில் இல்லை. தேடினேன். இன்னும் ஆழத்தில், அடியில் இருந்தது. அதற்கு உறை போட்டிருக்கிறது. நீலக் கோடு போட்ட துணி, கம்பெனித் துணிதான். ஓரம் மடித்து இரட்டைத் தையல். இரண்டு பொத்தான். தலையணை உறை மாதிரியே, ஆனால் நோட்டு அளவுக்கு.

எங்கள் வீட்டில் இப்படித் தைப்பது ஓர் ஆள்தான்.

காலையில் அம்மா தோசை ஊற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். வாயில் வீக்கம், பாதி வார்த்தைதான் வந்தது. "கடசிப் பரீச்ச என்னைக்கு?"

"திங்கக்கெழம."

"அத நல்லா எழுது."

செப்டம்பர் 23, திங்கள்

சமூக அறிவியல் எழுதிவிட்டு வெளியே வந்தேன். அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பை. ஒன்றில் என் புத்தகங்கள். துப்பட்டாவை மூக்கு வரை சுற்றியிருந்தாள், தூசிக்குக் கட்டுவது மாதிரி.

"ஊட்டுக்குப் போலயா?"

"லோகு ஊட்டுக்கு."

"மாமாகிட்டச் சொல்லிட்டயா?"

"சொன்னேன். விழுகலைன்னு சொன்னேன்" என்றாள். பிறகு, "அவன் அழுவான்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

வெள்ளக்கோவில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. புது பஸ். சீட்டில் பிளாஸ்டிக் கவர்கூட இன்னும் கிழியவில்லை. கரூரில் பாடி கட்டிய பஸ் என்று கதவுக்கு மேல் எழுதியிருந்தது. நான் சீட்டுக்கு அடியில் கை விட்டுத் தடவிப் பார்த்தேன். போல்ட் எல்லாம் ஒழுங்காக முடுக்கியிருந்தது. அப்பா மாட்டிய சீட்டாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ராத்திரி அவருக்கு யார் சோறு போடுவார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அதோடு அழுகையும் வந்தது. அம்மா எதற்கு என்று கேட்கவில்லை. அவள் கையும் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

இது மாமா வீடு. பின்னறையை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே தையல் மிஷின் இல்லை, டியூப் லைட்தான். போட்டால் எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் சொல்வதில்லை. இருந்தாலும் போர்வைக்குள் டார்ச் வைத்துத்தான் எழுதுகிறேன். பழக்கம் போகவில்லை.

அப்பா இரண்டு முறை வந்தார். முதல் முறை தட்டுவடை செட்டோடு வந்தார். மூன்று பொட்டலம். மாமா அவரைக் கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாட்ச் கையில்தான் இருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தார். "தாரணிய ஒருவாட்டி கூப்புடு மாப்ள" என்றார். நான் போகவில்லை. அவர் திரும்பி நடந்தபோது, ஓடிப் போய் சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவர் சைக்கிளில் வரவில்லை.

நேற்று டாக்டர் ஷாகிதாவிடம் தற்காலிகச் செட் வாங்கி வந்தோம். ஐந்து பல். பிளாஸ்டிக், கம்பிக் கொக்கி, இருப்பதிலேயே விலை குறைந்தது. "ஆறு மாசம் கழிச்சு உங்களுக்குப் புடிச்ச வகையாப் போட்டுக்கலாம்" என்றார். "எது வேணும்னு யோசிச்சு வைங்க." அம்மா யோசிப்பதாகச் சொன்னாள்.

டாக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ராத்திரி தூங்கும்போது கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், அப்போதுதான் ஈறு ஆறும்.

நேற்று ராத்திரி அம்மா கழற்றவில்லை. வெளியே ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் கை வாய்க்குப் போனது. கழற்றுவதற்கா, காப்பாற்றுவதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

இன்று கேட்டேன். "அந்த நோட்டுல முழுசும் படிச்சயாம்மா?"

"உன்ற கோழிக் கிறுக்கல எவ படிப்பா?" என்றாள். "ஒரு எழுத்துப் புரியல."

என் கையெழுத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்திருக்கிறார்கள். அம்மாதான் மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முடியை ஒதுக்கிவிட்டு, "நீ போன் பண்ணுனது தப்பில்ல சாமி" என்றாள். "கட்டுன பல்லு மூணு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. கல்யாண வீடியோவுல பாரு."

இப்போது மணி பதினொன்று. மாமா கேட்டைப் பூட்டிவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அம்மா எழுந்து, கதவுத் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். புது அத்தை கொடுத்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். கட்டைவிரலை உள்ளே விட்டாள். அவசரமில்லாமல், மெதுவாக. டக் என்று சத்தம் வந்தது. உடனே ஃபிரிஜ் மேல் பார்த்தேன். இந்த அறையில் ஃபிரிஜ் இல்லை.

பல்லைத் தண்ணீரில் போட்டுவிட்டு அம்மா படுத்தாள். கன்னம் உள்ளே ஒடுங்கி, மிகவும் வயதானவள் போல இருக்கிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. தூங்குகிறாள்.